மூன்று சபைகள் ஒன்றான ஆலயம்
தூய ஜார்ஜ் பேராலயம், சென்னை
கட்டி முடித்தது: 1815

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று இந்த ஆலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன் சபையின் தென்னிந்தியப் பேராயங்கள், மெதடிஸ்ட் திருச்சபை, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் அதில் இணைந்தன.

இவற்றுள் மெதடிஸ்ட் சபை, 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வந்த ஜேம்ஸ் லிஞ்சின் பணியில் வேரூன்றியது. தென்னிந்திய ஐக்கிய சபையோ பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் ஒன்றுகூடி அமைத்தது.

ஒன்றிப்பு முயற்சி 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. ஒரே ஊரில் கிறிஸ்தவர்கள் பல சபைகளாகப் பிரிந்து நிற்பது நற்செய்திப் பணிக்குத் தடை என்று அங்கு கூடிய போதகர்கள் உணர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். முன்னின்று உழைத்த பேராயர் வே. சா. அசரியா, ஒன்றிப்பைக் காணாமலே 1945இல் காலமானார்.

ஒன்றிப்பு வழிபாட்டில் மூன்று சபைகளின் பிரதிநிதிகளும் தங்கள் ஒப்புதல் ஆவணங்களைத் திருவிருந்து மேசைமீது வைத்தார்கள். பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமை தாங்கி ஒன்றிப்பை அறிவித்தார்.

பேராயர் ஆட்சிமுறை உள்ள சபையும் இல்லாத சபைகளும் இவ்வாறு ஒன்றானது உலகத் திருச்சபைகளுக்கு முன்மாதிரியானது. அமெரிக்க மிஷன் வழிவந்த மற்றொரு மெதடிஸ்ட் திருச்சபை இந்த ஒன்றிப்பில் சேரவில்லை. இன்றும் தனியே இயங்குகிறது.