நூற்றுக்கு எவ்வளவு என்பதல்ல, எந்த நூற்றுக்கு என்பதே கணக்கு



வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோல் மண்டிக்குப் பக்கத்திலேயே மளிகைக் கடையும் இருக்கும். தோல் வியாபாரி பச்சைத் தோலைத் துண்டுக் கணக்கில் வாங்குகிறார். பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார். துண்டுக்கு எத்தனை சதுர அடி தேறும் என்ற விகிதம் பிடிபடாவிட்டால் அவர் முதலே போய்விடும். நாம் பருப்பைக் கிலோவில் வாங்கிக் கிலோவில்தானே விற்கிறோம், நமக்கு விகிதம் எதற்கு என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். அந்த அலட்சியத்துக்கு நாமே விலை கொடுத்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்கூடத்தின் கேன்டீனுக்கு மாதச் சரக்குக் கேட்டார்கள். மிளகாய், தனியா, மசாலா வகைகளில் கொள்முதலுக்கு மேல் 20 சதவீதம் வைத்து நாம் விலை போட்டிருந்தோம். 18 சதவீதம் தள்ளுபடி கேட்டார்கள். இருபதில் பதினெட்டு போனால் இரண்டு மிஞ்சும், பெரிய பார்ட்டியாயிற்றே என்று சம்மதித்தோம்.

மூன்றாம் மாதம் கணக்குப்பிள்ளை பேரேட்டை எடுத்து வந்து முன்னால் வைத்தார். 100 ரூபாய்ச் சரக்கின் விற்பனை விலை 120. தள்ளுபடி அந்த 120-க்குத்தான். 18 சதவீதம் என்றால் 21 ரூபாய் 60 காசு. கைக்கு வந்தது 98 ரூபாய் 40 காசு. மாதம் 50,000 ரூபாய்க் கொள்முதலில் 800 ரூபாய் நஷ்டம். வண்டி வாடகையும் கடனுக்கு வட்டியும் தனி. லாபத்தைக் கொள்முதலின் மேலும், தள்ளுபடியை விற்பனையின் மேலும் போட்டுவிட்டு, இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியது நமது பிழை.

சரியான வழி என்ன? தெரியாத விலையை 'அ' என்று வைத்துக்கொள்வோம். 18 போக மீதி 82 சதவீதம். அது 102 ரூபாயாக வேண்டும். அப்படியானால் அ = 102 × 100 ÷ 82, அதாவது 124 ரூபாய் 39 காசு. பள்ளியில் கற்ற இயற்கணிதம் இவ்வளவுதான்.

இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கி.பி. 499-இல் ஆரியபடர் தமது ஆரியபடீயத்தில் மூன்று எண் தெரிந்தால் நான்காவதைக் காணும் திரைராசிகத்தைச் சொல்லியிருக்கிறார். பிரியாணிக்குப் போகும் சீரகச் சம்பா 25 கிலோ மூட்டை 2,750 ரூபாய் என்றால் 8 கிலோ என்ன விலை? 2,750-ஐ 8-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 880. 1957 ஏப்ரலில் புதுக்காசு வருமுன் நம் பெரியவர்கள் 'ரூபாய்க்கு ஓரணா லாபம்' என்றார்கள். அதுவும் விகிதம்தான்: பதினாறில் ஒன்று, அதாவது 6.25 சதவீதம்.

ஆனால் எல்லாம் நேர் விகிதம் ஆகிவிடாது. லாரியை இருவர் 6 மணி நேரத்தில் இறக்கினால், மூவர் 4 மணி நேரத்தில் இறக்குவார்கள். ஆள் கூடினால் நேரம் குறையும். இது எதிர் விகிதம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் இன்னொரு தவறும் நடக்கிறது. 5 சதவீத வரி உள்ளடங்கிய விலை 105 ரூபாய் என்றால், சிலர் 105-க்கு 5 சதவீதம் போட்டு 5 ரூபாய் 25 காசு என்கிறார்கள். வரி 100-க்குத்தான், எனவே 5 ரூபாயே. 25 காசுதானே என்று விடலாமா? ஆயிரம் பொட்டலத்துக்கு 250 ரூபாய் ஆயிற்றே!

ஆகவே யார் எந்தச் சதவீதம் சொன்னாலும், 'எதன் மேல்?' என்று முதலில் கேளுங்கள். கொள்முதல், விற்பனை விலை, கைக்கு வந்தது என மூன்று கலம் போட்டு எழுதிப் பாருங்கள். கடையில் உட்காரும் பிள்ளைகளுக்கும் கால்குலேட்டரைக் கொடுக்குமுன் இந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுங்கள். நாம் மூன்று மாதம் கழித்துத் தெரிந்துகொண்டதை அவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ளட்டும்.