காத்திருத்தலும் சிகிச்சையே

நம் எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களே இரத்த அணுக்களை உண்டாக்குகின்றன. இரத்தப் புற்றுநோயாளிகள் சிலருக்கு இவற்றைப் பிறரிடமிருந்து பெற்றுச் செலுத்துவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

ஆனால் இதற்கு ஏன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? உடன்பிறந்தவரின் திசுவே முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பிறகு இதயம், நுரையீரல், பற்கள் எல்லாம் சோதிக்கப்படும். பல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்கிறோமா? கடும் மருந்துகளால் பழைய மஜ்ஜை அழியும்போது நோய் எதிர்ப்புச் சக்தியும் அற்றுப்போகும். அவ்வேளையில் சொத்தைப் பல்லில் ஒளிந்திருக்கும் கிருமியும் உயிரைப் பறிக்கலாம்! புதிய செல்கள் வேரூன்றவும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்.

ஆகவே இந்நாட்கள் வீண் அல்ல, உயிர்காக்கும் வேலி. “எப்போது முடியும்?” என்று நோயாளியை நச்சரியாமல், அவரது பொறுமைக்கு நாமும் துணை நிற்போமாக!