மின்கலத்தின் விலையும் பயனும்

திருப்புறம், பாறசாலை முதலிய ஊர்களைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் பொழுது புலருமுன்னரே பால்வெட்டு தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறுமுன் மரப்பட்டையினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருப்பதே இதற்குக் காரணம். நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளி குன்றினால், கத்தி பட்டையைக் கடந்து மரத்தில் பாயும். அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. ஆதலின், எந்த மின்கலத்தை வாங்குவது என்பது இங்கு அற்பமான வினாவன்று.

கடைகளில் கிடைக்கும் சாதாரண மின்கலங்கள் பெரும்பாலும் இருவகையின. துத்தநாக-கரி மின்கலம் 1866-இல் பிரெஞ்சு அறிஞர் லெக்லாஞ்சே அமைத்த ஈரக்கலத்தின் வழிவந்தது. கார மின்கலம், லூயிஸ் உர்ரி என்னும் கனடா நாட்டுப் பொறியியலாரின் முயற்சியால் 1950-களில் அமெரிக்காவில் உருவாயிற்று. இரண்டிலும் துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடுமே வினைபுரிகின்றன. இரண்டின் மின்னழுத்தமும் 1.5 வோல்ட்டே. முன்னதில் துத்தநாகம் கலத்தின் கூடாக அமைகிறது. பின்னதில் அது தூளாகிப் பொட்டாசியம் ஹைடிராக்சைடுக் கரைசலில் தோய்ந்திருப்பதால், மிகுந்த மின்னோட்டத்தையும் எளிதில் அளிக்கிறது.

100 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைப் பத்து மணி நேரம் அளிக்கும் கலத்தின் கொள்ளளவு 1,000 மில்லி ஆம்பியர்-மணி எனப்படும். விரற்பருமனுள்ள துத்தநாக-கரிக் கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 400 முதல் 1,000 வரை. அதே அளவுள்ள கார மின்கலத்தினது 1,800 முதல் 2,700 வரை. உறையில் முன்னது ஆர்6 எனவும், பின்னது எல்ஆர்6 எனவும் குறிக்கப்படும்.

ஆயினும், விலையுயர்ந்த கலமே எங்கும் சிக்கனமானது என்று கொள்ளலாகாது. சுவர்க் கடிகாரம் மிகச் சிறிய மின்னோட்டத்தையே கொள்வதால், அதற்கு மலிவான கலமே போதும். விளக்கு, பொம்மை முதலியன மிகுதியாகக் கொள்வன. அங்கு மலிவான கலம் விரைவில் தளர்ந்துவிடும்.

இதனைப் பள்ளியிலேயே சோதித்தறியலாம். ஒரே வகையான இரு விளக்குகளில் இருவகைக் கலங்களையும் தனித்தனியே இட்டு, நாள்தோறும் அரைமணி நேரம் எரிக்க வேண்டும். ஒரு முழத் தொலைவில் புத்தக எழுத்துத் தெரியாத நிலையை முடிவாகக் கொள்க. 10 ரூபாய்க் கலம் 2 மணியும், 27 ரூபாய்க் கலம் 9 மணியும் எரிந்ததாகக் கொண்டால், மணிக்கு ஆகும் செலவு முறையே 5 ரூபாய், 3 ரூபாய். வாங்குவோர் காண வேண்டியது இந்த வகுத்த ஈவையே.

விளக்கிற்கு உதவாத கலம் கடிகாரத்தைப் பின்னும் சில திங்கள் ஓட்டக்கூடும். ஆனால் தீர்ந்த கலத்தை உள்ளேயே விட்டுவைத்தல் ஆகாது. அதிலிருந்து கசியும் நீர்மம் கருவியை அரித்துவிடும்.