பழைய புடவை, மிச்சத் துணி: ஒரே வார இறுதியில் போர்வை தைப்பது எப்படி?

காலர் நைந்த சட்டை, கட்டாத பருத்திப் புடவை, தையல்காரர் திருப்பித் தந்த பிளவுஸ் துண்டு. தூக்கிப் போட மனசு வராத இந்த மூட்டை உங்கள் வீட்டிலும் இருக்கும். புனேவின் மகர்பட்டாவில் ஐ.டி. வேலைக்காகக் குடியேறிய தமிழர் வீடுகளிலும் இருக்கும். ஆனால், அங்கே பக்கத்து மராத்தி வீட்டில் இதற்கு ஒரு வழி உண்டு: கோதடி.

பழைய புடவைகளை அடுக்கி, நெருக்கமாகக் கையால் ஓட்டுத் தையல் போட்டால் கோதடி. பாட்டியின் ஒன்பது கஜப் புடவை பேரக்குழந்தைக்குப் போர்வையாவது இப்படித்தான். வங்காளத்தின் காந்தா, உத்தர கன்னடத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி எல்லாம் இதற்குச் சொந்தம்தான்.

தூக்கிப் போட்டால் என்ன?

மகர்பட்டாவை ஒட்டிய ஹடப்சரைத் தாண்டினால் உருளி தேவாச்சி, புர்சுங்கி. புனேவின் குப்பை பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்ட இடம். கிராம மக்கள் லாரிகளை மறித்துப் பலமுறை போராடியிருக்கிறார்கள். நம் வீட்டுப் போர்வை ஒன்றால் அந்த மலை குறையாது, உண்மைதான். ஆனால் உடுத்தக்கூடிய துணியைப் பாத்திரத்துக்கு வாங்கிக்கொள்ள ஆள் வருவார்கள். கிழிந்ததை யாரும் கேட்பதில்லை. அது நேராகக் குப்பைக்குத்தான் போகும்.

முதலில் துணியைப் பிரியுங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போவது இந்த வேலையைத்தான். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையாக இறுகினால் பாலியஸ்டர். அது வியர்வையை உறிஞ்சாது, தனியே வையுங்கள். புடவையை வெளிச்சத்தில் பிடித்தால் நைந்த இடம் தெரியும், வெட்டி நீக்குங்கள். சட்டைத் துணியோடு மெல்லிய புடவையைச் சேர்ப்பதென்றால் புடவையை இரட்டையாக மடித்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் சுருங்கும். எல்லாவற்றையும் முன்பே துவைத்துவிடுவது நல்லது, சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும்.

பெரிதாக வெட்டினால் வேலை பாதி

நம் போர்வை 50 அங்குல அகலம், 60 அங்குல நீளம். 10.5 அங்குலச் சதுரங்கள் 30 போதும்: வரிசைக்கு 5, மொத்தம் 6 வரிசை. ஓரத்தில் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். ஐந்தரை மீட்டர் புடவையில் இப்படி 80 சதுரங்கள் வரும். இரட்டையாக மடித்தாலும் 40, அதனால் பாதி நைந்த புடவையைக்கூடத் துணிந்து எடுக்கலாம்.

சதுரங்களை இணைக்க மெஷின் ஓட வேண்டிய தூரம் சுமார் 13 மீட்டர். சதுரத்தை 5.5 அங்குலமாகச் சிறிதாக்கினால் துண்டுகள் 120, தையல் 29 மீட்டர். முதல் முறை தைப்பவர்கள் பெரிய சதுரத்தோடு நிற்பதே நல்லது என்பேன்.

பிறகு தரையில் ஒரு பழைய மெல்லிய கம்பளி, அதன்மேல் நல்ல பக்கம் மேலே தெரிய ஒரு பெட்ஷீட், அதன்மேல் நல்ல பக்கம் கீழே இருக்கத் தைத்த துணி. மூன்றையும் ஒரே அளவாக வெட்டிச் சுற்றிலும் தையுங்கள், ஓர் அடி மட்டும் விட்டுவிடுங்கள். தலையணை உறையைப் போல அந்த வழியாகப் புரட்டி, வாயை மூடித் தைத்தால் முடிந்தது. தனியாக பார்டர் வேண்டாம்.

உள்ளே துணி நகராமலிருக்க, நான்கு சதுரங்கள் சேரும் 20 மூலைகளிலும் தடித்த பருத்தி நூலால் முடிச்சுப் போடுங்க. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முடிச்சு வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். அதற்குப் பதிலாகக் குறுக்கே நாலைந்து வரி ஓட்டித் தைக்கலாம்.

தைக்க நேரமில்லை, கோதடியே வாங்கிக்கொள்கிறேன் என்றால் பேரம் பேசும் முன் ஒரு கணக்கு. இதே அளவில், ஓர் அங்குலத்துக்கு ஒரு வரி எனக் கையால் ஓட்டினாலே 76 மீட்டர் தையல். அரை அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் 152 மீட்டர்.