கயிற்றை இழுக்கும் முன் காரணத்தைத் தேடுவோம்



எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் சித்தப்பாவும் ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். போட்டின் பின்பக்கம் மாட்டும் சின்ன அவுட்போர்டு மோட்டார் கரையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒருநாள் பிழைப்பு போச்சு. நடுக்கடலில் ஆகாவிட்டால், நீரோட்டம் இழுத்த பக்கம்தான் போட் போகும்.

பலரும் கை ஓயும்வரை ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பார்கள். வகுப்பில் படித்ததை நினைத்துப் பாருங்கள். எஞ்சினுக்குத் தேவை மூன்று: எரிபொருள்-காற்றுக் கலவை, ஸ்பார்க், கம்ப்ரஷன். இதில் எது இல்லை என்று வரிசையாகப் பார்க்கணும்.

முதலில் செலவில்லாத சோதனை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? ஸ்டாப் சுவிட்சில் சேஃப்டி கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா? டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பிறகு ட்யூபிலுள்ள ரப்பர் பல்பை அமுக்குங்கள். இறுகினால் சரி. இறுகவே இல்லையென்றால் டேங்க் காலி, அல்லது ட்யூபில் எங்கோ காற்று ஏறுகிறது. அமுக்கிய பல்பு சப்பையாகவே நின்றால் டேங்க் பக்கம் அடைப்பு.

நாலைந்து இழுப்புக்குப் பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. ஃபில்டரையும் கார்புரேட்டர் ஜெட்டையும் சுத்தம் செய்யணும். நனைந்திருந்தால் சோக்கை அதிகம் போட்டிருக்கலாம், அல்லது ஸ்பார்க் இல்லை. பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். சரிவராவிட்டால் புதுசு போடுங்கள். உப்புக்காற்றில் ஒயர் முனைகள் பச்சை பூத்திருக்கும், அதையும் சுரண்டிவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கயிறு வழக்கத்தைவிட லேசாக வந்தால் கம்ப்ரஷன் போயிருக்கும். அது மெக்கானிக் வேலை.

எங்கள் பக்கம் மண்ணெண்ணெய் மோட்டார் உண்டு. அதைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஏன்? பெட்ரோல் 0 டிகிரிக்கும் கீழேயே தீப்பற்றுமளவு ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் சூடு வேணும். விடியற்காலைக் குளிர்ந்த எஞ்சினில் அது ஏது? அதனால்தான் நிறுத்துமுன் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டணும். மறந்திருந்தால், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மண்ணெண்ணெயை டப்பாவில் வடித்துவிட்டு, பெட்ரோல் நிரப்பி இழுங்கள்.

பெரியவர்கள் மோட்டாரின் சத்தத்திலேயே பாதி நோயைச் சொல்லிவிடுவார்கள். மீதியைச் சொல்ல நம் பாடம் இருக்கிறது. கடற்கரை ஊர்த் தோழர்களே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் போட்டில் ஒரு புதுப் பிளக், பிளக் ஸ்பேனர், மாற்றுக் கயிறு மூன்றையும் எடுத்து வையுங்கள். நாம் படித்த படிப்பு முதலில் நம் வீட்டுக்கு உதவட்டும்!