கடமும் ஒலிபெருக்கியும்

'பேஸ்' என்று நீங்கள் வழங்கும் தாழ்ந்த சுருதி ஒலியைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். வீட்டிலேயே ஒலிபெருக்கி செய்து பார்க்கும் இளைஞர்கள், "ஐயா, பாட்டு தெளிவாகக் கேட்கிறது, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கேட்கவில்லையே" என்று என்னிடம் குறைப்பட்டதுண்டு. அதற்கு அவர்கள் நாடும் பரிகாரம், இன்னும் பெரிய ஆம்பிளிபயர் ஒன்றை வாங்கப் பணம் சேர்ப்பது. அப்பணம் பெரும்பாலும் வீண் செலவே. குறை மின்சாரத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது.

எங்கள் காரங்காட்டில் திருவிழா நாளில் கட்டப்படும் கூம்புக் குழாயின் பாட்டு, அலையாத்தி மரங்களைக் கடந்து, கழியில் படகு செலுத்துவோர் செவிக்கும் எட்டும். பாடுவோர் குரல் வரும். மேளத்தின் ஆழ்ந்த முழக்கம் மட்டும் வராது. ஏன்? ஒலி காற்றில் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. வினாடிக்கு 3,400 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஒரு சாண் கூட இல்லை; 10 சென்டிமீட்டர்தான். வினாடிக்கு 50 முறை அதிரும் ஒலிக்கோ அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இத்துணை நீண்ட அலையைக் காற்றில் எழுப்புவதற்கு, அரை மீட்டர் அளவுள்ள குழாயின் வாய் போதாது.

நீங்கள் வாங்கும் ஸ்பீக்கரின் அமைப்பை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் வெளியிட்டனர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள். அதனோடு ஒட்டிய தாள் கூம்பு. அடிப்படை இன்றும் அதுவே. கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருக்கமுறுகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று நெகிழ்கிறது. 7 மீட்டர் அலைக்கு, ஒரு சாண் கூம்பின் முன்னும் பின்னும் ஒரே இடம் போன்றவையே. ஆகவே முன்புறத்து நெருக்கம் விளிம்பைச் சுற்றிப் பின்புறத்து நெகிழ்ச்சியை நிரப்பிவிடுகிறது. ஒன்றையொன்று விழுங்கியபின் நம் செவிக்கு மிஞ்சுவது என்ன?

இதனை நீங்களே சோதிக்கலாம். பெட்டியில்லாத வெறும் ஸ்பீக்கரில் ஒரு பாட்டை ஒலிக்கச் செய்யுங்கள். அகன்ற அட்டை ஒன்றில் கூம்பின் அளவுக்கு வட்டமாக வெட்டி, அத்துளையோடு ஸ்பீக்கரை அழுத்திப் பிடியுங்கள். அக்கணமே ஓசைக்கு உடல் வந்துவிடும். மின்சாரம் கூடவில்லை, முன்னும் பின்னும் சந்திக்கும் வழி நீண்டது, அவ்வளவே.

1980, 1990-ஆம் ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுக் கேட்டவர் பலர். படித்தவர் சிலர் அதைப் பார்த்துச் சிரித்தனர். சிரிக்க வேண்டியதில்லை. பானை பின்புற அலையை அடைத்துவிடுகிறது. அதன் வளைந்த சுவரோ, மெல்லிய பலகையைப் போல் நெளிவதில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. சிறிய பானைக்குள் அடைபட்ட காற்று விறைப்பான வில்சுருளைப் போல் கூம்பைத் தடுக்கும். அதனால் மிகத் தாழ்ந்த சுருதிகள் குன்றி, இடையிலுள்ள ஏதோ ஒரு சுருதி மட்டும் மிகுந்து ஒலிக்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'கும்' என்று கேட்பதன் காரணம் இதுவே. அதனை நல்ல பேஸ் என்று மயங்குவோர் உளர். என் செவிக்கு அது பானையின் பாட்டு, பாடகரின் பாட்டன்று. உள்ளே தளர்வாகச் சிறிது பஞ்சு வைத்தால் அந்த மிகை ஓரளவு தணியும்.

அடைபட்ட காற்றின் விறைப்பையே துணையாகக் கொண்டவர் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர். கூம்பைத் தாங்கும் ஓரங்களை மிகவும் தளர்வாக வைத்து, பெட்டிக் காற்றையே வில்சுருளாக்கி, 1954-இல் சிறு பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலியை வரவழைத்தார். ஆனால், அத்தகைய பெட்டிக்கு அதற்கென்றே செய்த ஸ்பீக்கர் வேண்டும்.

மற்றொரு வழியை விளக்கக் கடத்தைவிடச் சிறந்த கருவி எனக்குக் கிடைக்கவில்லை. கடத்துக்குப் பெயர்பெற்ற மானாமதுரை, 1985-இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். கடம் வாசிப்பவர் அதன் வாயைத் தம் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். வாய் குறுகக் குறுக 'கும்' என்னும் ஓசை தாழ்கிறது. வயிற்றிலுள்ள காற்று வில்சுருள். வாயிலுள்ள காற்று அதில் தொங்கும் எடைக்கல். இரண்டும் சேர்ந்து தமக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் ஆடும். இவ்வகைக் கலங்களை 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பெட்டியில் ஒரு துளையிட்டு, ஸ்பீக்கரின் பின்புற அலையைக் கொண்டே அத்துளைக் காற்றை ஆட்டுவிக்கும் முறைக்குப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த துராஸ் 1932-இல் காப்புரிமை பெற்றார். துளைக் காற்று தனக்குரிய அதிர்வெண்ணை ஒட்டி ஆடும்போது, அங்கிருந்து வெளிப்படும் அலை முன்புற அலைக்குப் பகையாகாமல் துணையாகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். உள்ளளவு 40 லிட்டர் கொண்ட பெட்டி, அதில் 7.5 சென்டிமீட்டர் உள்விட்டமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பி.வி.சி. குழாய். இதன் அதிர்வெண் ஏறத்தாழ 46. குழாயை 20 சென்டிமீட்டராக நீட்டினால் 36 அளவுக்கு இறங்கும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. இளையராஜா அவர்களின் திரைப்பாடல்களில் அக்கருவி செய்யும் வேலையை முழுமையாகக் கேட்க விரும்புவோர் இவ்வெல்லையை நினைவிற்கொள்க. எனினும், எல்லா ஸ்பீக்கருக்கும் இதே பெட்டி பொருந்தாது. எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெட்டி என்பதைக் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவில் தீல் என்னும் பொறியாளர் 1961-இல் வெளியிட்டார். பின்னர் ஸ்மால் என்பவர் அதனை விரிவாக்கினார். அவ்விருவர் பெயரால் வழங்கும் அளவுகளைத் தரமான ஸ்பீக்கரோடு வரும் தாளில் காணலாம். அத்தாள் இல்லாத ஸ்பீக்கரை வாங்கிவிட்டுப் பெட்டியைக் குறை கூறுவது முறையன்று.

இனி ஆம்பிளிபயரின் பேஸ் திருகைப் பற்றி ஒரு சொல். அதிர்வெண் பாதியாகும்போது, அதே அளவு ஒலியைத் தரக் கூம்பு நான்கு மடங்கு தொலைவு நகர வேண்டும். நூறில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது ஐம்பதில் நான்கு மில்லிமீட்டர் நகர வேண்டுமென்றால், மலிவான சிறு ஸ்பீக்கர் எங்கே போகும்? திருகை முழுதும் திருப்பினால் சுருள் தன் எல்லையைக் கடந்து மோதும், தாள் கிழியும். துளையிட்ட பெட்டியில் துளையின் அதிர்வெண்ணுக்குக் கீழே காற்றின் தடையும் நீங்கிவிடுவதால் இந்த ஆபத்து மிகுதி.

பெட்டிக்கு நம் கடலோரத்தில் நீர் தாங்கும் ஒட்டுப்பலகையே ஏற்றது. உப்புக் காற்றில் மலிவுப் பலகை உப்பி, இணைப்புகள் விட்டுப்போகும். ஒலி இயங்கும்போது இணைப்புகளின் ஓரமாக ஊதுபத்தியைக் கொண்டுசெல்லுங்கள். புகை துடிக்கும் இடத்தில் காற்றுக் கசிகிறது. பசை பூசி அடைத்துவிடலாம். பலகையை விரல் முட்டியால் தட்டும்போது முரசுபோல் ஒலித்தால், உள்ளே குறுக்குச் சட்டம் வையுங்கள். பெட்டியைச் சுவரின் மூலைக்குத் தள்ளினாலே பேஸ் கூடும் என்பதையும் ஒருமுறை பாருங்கள். அதற்குக் காசு வேண்டாம்.

குழாயை முதலில் நீளமாகவே வெட்டிப் பொருத்துங்கள். கைப்பேசியில் விரும்பிய அதிர்வெண்ணை ஒலிக்கச் செய்யும் செயலிகள் உள்ளன. மெல்லிய ஓசையில் 80-இலிருந்து படிப்படியாக இறக்கிக்கொண்டே கூம்பைக் கவனியுங்கள். ஓர் அதிர்வெண்ணில் கூம்பு ஏறக்குறைய அசையாது நிற்கும். அப்போது குழாயின் வாயில் கையை வைத்தால் காற்று துடிப்பதை உணர்வீர்கள். துளையின் அதிர்வெண் அதுதான். அது கணக்கில் வந்த எண்ணைவிடத் தாழ்ந்திருந்தால், குழாயை ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.