மரபணு மாற்றிய எலிகளுக்குப் பொதுக் காப்பகம் ஏன்?

ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்த சுண்டெலி, அந்த மரபணுவின் வேலை என்ன என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு ஆய்வகமும் தனித்தனியே எலிகளை உருவாக்கி வளர்த்தால் செலவு பெருகும். தலைமுறைகள் கடக்கையில் தற்செயல் மாற்றங்களும் புகும். நோயோ தீயோ வந்தால் அந்த எலி வகையே அழியலாம். 1947இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம் தீக்கிரையானபோது, முன்பு அங்கிருந்து எலிகளைப் பெற்றவர்களே அவற்றின் வழித்தோன்றல்களைத் திருப்பியனுப்பி உதவினர்.

இத்தகைய இழப்பைத் தவிர்க்க, இன்று பொதுக் காப்பகங்களில் எலிகளின் கருக்களும் விந்தணுக்களும் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உறைய வைக்கப்படுகின்றன. தேவைப்படும்போது கருவை உருக்கி வாடகைத் தாய் எலிக்குள் வைத்தால் அதே வகை மீண்டும் பிறக்கும். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் காப்பகங்களுக்குப் பொதுவான பன்னாட்டுப் பட்டியலில், எந்த வகை எங்கே, எந்த வடிவில் உள்ளது என்று தேடி அறியலாம்.